குப்பியின் மேல் எழுதியிருந்தது

சிதறாலுக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் அந்த ஊரில் போய்த் தங்கபாய் வீடு எது என்று கேட்டால், எந்தத் தங்கபாய் என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே நாலு தங்கபாய் உண்டு. போனை வைத்துச் சாமான்களைப் பேச வைக்கிற தங்கபாய் என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். ஐம்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். அறுபது ரப்பர் மரம், ஒரு ஓட்டு வீடு, ரசலையன் என்று ஒரு கணவர், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் சிஜின் என்று ஒரே மகன். அவள் சொத்தும் சுகமும் அவ்வளவுதான். வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம். கரண்ட் வந்தால் ஸ்தோத்திரம், பஸ் நின்றால் ஸ்தோத்திரம், பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டால் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

போன வருடம் லீவுக்கு வந்த சிஜின்தான் அந்தப் போனை வாங்கிக் கொடுத்தான். கேமராவை ஒரு பொருளின் மேல் பிடித்தால், அதில் எந்தப் பாஷையில் எழுதியிருந்தாலும் தமிழில் வாசித்துச் சொல்லும் வித்தையையும் காட்டிக் கொடுத்தான்.

"அம்மா, எந்தச் சாதனமானாலும் இதுட்ட காட்டு. அது என்னது, எப்ப செஞ்சது, எப்ப கெட்டுப்போவும், எல்லாம் சொல்லும்."

அன்றைக்குப் பிடித்த பிடிதான். உர மூட்டை, மிக்ஸியின் கேரண்டி அட்டை, ஆட்டுக்குப் போடும் மருந்து, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டு இசபெல்லின் மருமகன் துபாயிலிருந்து ஒரு ட்யூப் கொண்டுவந்திருந்தான். முகத்துக்குப் பூசும் க்ரீம் என்று நினைத்து இசபெல் ஒரு வாரம் பூசினாள். முகம் பளபளத்தது, ஆனால் அரித்தது. மேலே எழுதியிருந்தது முழுக்க அரபு. தங்கபாய் போனைப் பிடித்தாள். தோல் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் போடும் மெருகு என்றது போன். இசபெல்லுக்குக் கோபம் வந்தது, ஊருக்குச் சிரிப்பு வந்தது, தங்கபாய்க்குப் பேர் வந்தது.

பேர் வந்தபிறகு ஆள் வராமல் இருக்குமா? மாத்திரை அட்டையும் கையுமாக வந்தார்கள். மூன்று வீடு தள்ளியிருக்கும் ஜான்ரோஸ் அதில் ஒருவன். டாக்ஸி ஓட்டுகிறவன், நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை ஆஸ்பத்திரிப் படியிறங்குவதற்குள் மறந்துவிட்டு, அட்டையை இவளிடம் நீட்டினான்.

"அக்கா, இது சோத்துக்கு முந்தியா, பிந்தியா?"

போனிடம் கேட்டு அவள் சொன்னாள். "அர மணிக்கூர் முந்தி. பன்னெண்டு மணிக்கு மாத்திர, பன்னெண்டரைக்குச் சோறு. மணி தப்பப்பிடாது, கேட்டியா?"

ஜான்ரோஸ் மணி தப்பவிடவில்லை. மழையோ வெயிலோ, சவாரியோ சும்மாவோ, பன்னிரண்டரைக்கு அவன் சோற்றில் கை வைத்துவிடுவான். அக்கா சொன்னது வேதவாக்கு. இதையெல்லாம் நினைத்துப் பார்க்கும்போது தங்கபாய்க்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. படிக்கவில்லை என்று நாற்பது வருடம் குனிந்திருந்த தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அதில் தப்பென்ன இருக்கிறது?

இந்த வருடம் சிஜினின் லீவு ஒரு திங்கட்கிழமையோடு முடிந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரசலையனிடம் சாமான் லிஸ்ட் கொடுத்து மார்த்தாண்டத்துக்கு அனுப்பினாள் தங்கபாய். மகனுக்கு நெய்மீன் ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி, பூண்டு, வினிகர். ரசலையன் கடைக்குப் போனால் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எது விற்காமல் கிடக்கிறதோ அது இவர் பையில் வந்து விழும். அதனால் அவர் கொண்டுவரும் சாமான் ஒவ்வொன்றையும் போனுக்குக் காட்டி, தேதி பார்த்த பிறகுதான் அடுக்களைக்குள் எடுப்பது என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

அன்றைக்கும் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். மிளகாய்ப்பொடி தேறியது. எண்ணெய் தேறியது. வினிகர் குப்பியைக் காட்டினாள். "செயற்கை வினிகர். ஊறுகாய் மற்றும் சமையலுக்கு ஏற்றது" என்று தொடங்கித் தயாரித்த தேதியையும் கெடும் தேதியையும் கணீரென்று வாசித்தது போன். இன்னும் நாலு மாதம் இருந்தது. பரவாயில்லையே, இந்த மனுஷனுக்கும் புத்தி வந்துவிட்டதே என்று ஒரு ஸ்தோத்திரம் சொல்லி அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு உபவாசம். மகன் விமானம் ஏறுவதற்கு முந்தின சனிக்கிழமை பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் நாக்கில் படவிடாமல், அவன் நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று ஜெபம் பண்ணுவாள். ஊறுகாய் போடுவதும் அந்த நாளில்தான். உப்பு பார்ப்பது, புளிப்பு பார்ப்பது கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. ரசலையனோ சிஜினோ ஒரு துண்டு எடுக்கலாம் என்று கையை நீட்டினால் அகப்பையால் அடி விழும். "போற சாதனத்துல கை வைக்காதீங்க, பூத்துப்போவும்."

மீனைப் பொரித்து, இஞ்சியும் பூண்டும் வதக்கி, பொடி போட்டு இறக்கி ஆறவைத்துவிட்டு, வினிகர் குப்பியை எடுத்தாள். புதுக் குப்பி என்றால் மூடியைத் திருகும்போது நறுக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு, போன்தான் எல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டதே என்று ஒரு தம்ளர் அளந்து ஊற்றினாள். குப்பென்று எழுந்த வாடை மூக்கைத் துளைத்தது, கண்ணில் நீர் முட்டியது. நல்ல கம்பெனி போலிருக்கிறது, தண்ணீர் கலக்காமல் விற்கிறான் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊறுகாயைப் பெரிய குப்பியில் நிரப்பி, மேலே எண்ணெய் விட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். சிஜினின் அறையில் அவனோடு ஏழு பேர். எட்டுப் பேருக்கும் ஒரு மாதம் வரும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, வாசலில் நின்று ஜெபம் பண்ணி மகனை அனுப்பிவைத்தார்கள். வண்டி ஜான்ரோஸுடையது. ஊரிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும் எல்லாருக்கும் ஜான்ரோஸ்தான். வண்டி வளைவில் மறைந்ததும் தங்கபாய் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கோழிக்குத் தீனி வைக்கப் போனாள்.

பதினோரு மணிக்கு ரசலையன் ரப்பர் பால் வாளியோடு, ஷீட் அடிக்கும் கொட்டகையான புரைக்கு வந்தார். சனிக்கிழமை மழை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இரண்டு நாளாக மரத்தில் பால் வெட்டு இல்லை. பாலைத் தட்டங்களில் ஊற்றித் தண்ணீர் கலந்து, கொஞ்சம் ஆசிட் விட்டால்தான் அது உறைந்து ஷீட் அடிக்கப் பதமாகும்.

"ஏட்டி, ஆசிட் குப்பி எங்க?" என்று புரைக்குள்ளிருந்து கத்தினார்.

"என்ன ஆசிட் குப்பி? நான் கண்டேனா?"

"வெள்ளிக்கிழம வாங்கிட்டு வந்தேம்லா. சாமான் பையிலதான கிடந்து."

கோழித்தீனிச் சட்டி தங்கபாயின் கையில் இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்தாள். "எந்தக் குப்பியில வாங்கினீங்க?"

"பழைய வினிகர் குப்பி ஒண்ணு கிடந்து. அதக் கொண்டுபோனேன். கடக்காரன் கேன்ல இருந்து ஊத்தித் தந்தான்."

"அப்பம் வினிகரு?"

"வினிகரா? அது மறந்து போச்சு. நீயும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

அவள் அடுக்களைக்குள் ஓடினாள். அலமாரியில் குப்பி இருந்தது, மேல்பாதி காலியாக. ரசலையன் பின்னாலேயே வந்து, அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. இருபத்தைந்து வருடம் ரப்பர் பாலில் கை வைத்தவர், அவருக்கு அந்த வாடை தெரியாதா? மூக்குக்கு அருகே கொண்டுபோவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

"இதையா ஊத்தின?"

தங்கபாய் தலையை மட்டும் ஆட்டினாள். தண்ணீர் கலக்காத ஆசிட். விரலில் ஒரு சொட்டு பட்டாலே தோல் வெந்து உரியும். அது ஒரு தம்ளர் மகனுடைய பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் வயிற்றைக் காயப்போட்டு, கண்ணீர் விட்டு ஜெபித்து, தன் கையாலேயே அளந்து ஊற்றிய ஒரு தம்ளர்.

போனை எடுத்தாள். சிஜினைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. காலையில் ஜெபத்துக்கு நிற்கும்போது போனின் சத்தத்தை அணைத்தானே, அதைத் திரும்ப வைத்தானோ இல்லையோ. வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "மக்களே, அந்த ஊறுகாயத் திங்காத, ஆருக்கும் குடுக்காத, தூரப் போடு." போய்ச் சேர்ந்தது, கேட்டதாகக் காணோம். ரசலையன் தன் போனிலிருந்து அடித்தார். இரண்டு பேரும் மாறி மாறி அரை மணி நேரம் அடித்தார்கள். முற்றத்தில் கோழிகள் சட்டியைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தன. அதை விரட்ட அங்கே ஆள் இல்லை.

பதினொன்று நாற்பதுக்குச் சிஜினே கூப்பிட்டான்.

"அம்மா, என்னம்மா இத்தன மிஸ்டு கால்? செக்கிங்ல நிண்ணேன். அப்பாவுக்கு எதாவதா?"

"மக்களே, ஊறுகா! அந்த ஊறுகாயத் தொடாத. வினிகருக்குப் பதிலா ஆசிட்ட ஊத்திட்டேன், மக்களே."

"ஊறுகாயா? அது எங்கிட்ட இல்லம்மா. வெளிய பெட்டியத் தூக்கிப் பாத்தோம், ரெண்டு கிலோ கூடுதல். ஊறுகாய எடுத்து ஜான்ரோஸ் அண்ணன்ட்ட குடுத்துட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டாள் தங்கபாய். "ஸ்தோத்திரம் ஏசப்பா!" போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எதிரே நின்ற ரசலையன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் கேட்டது என்ன என்று அவளுக்கு உறைத்தது. போனில் மகனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "அம்மா, அண்ணன் வழியில சோத்துக்குத் தொட்டுக்குவேன்னு சொன்னாரு. சீக்கிரம் கூப்பிடுங்க. நானும் கூப்பிடுறேன்."

ஜான்ரோஸ் எடுக்கவில்லை. எடுக்கமாட்டான் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு போனில் பேசிக்கொண்டே ஓட்டி ஒரு சைக்கிள்காரரின் காலை முறித்தவன் அவன். அதிலிருந்து வண்டி ஓடும்போது கர்த்தரே கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணி, போனைச் சத்தமில்லாமல் டேஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டிவிடுவான். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் திறப்பான். அவன் மனைவி ஜாஸ்பினைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவள் அண்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் முந்திரிப் பருப்பு ஆலையில் இருந்தாள், வேலை நேரத்தில் அங்கே போன் கூடாது.

"மணி என்ன?" என்றாள் தங்கபாய்.

"பன்னெண்டாகப் போவுது."

பன்னிரண்டு மணிக்கு மாத்திரை. பன்னிரண்டரைக்குச் சோறு. மணி தப்பக்கூடாது என்று சொன்னது யார்? ஜான்ரோஸ் எங்கே சாப்பிடுவான் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். களியக்காவிளையில் சோற்றுப் பொதி வாங்கிக்கொண்டு, படந்தாலுமூட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக நிற்கும் ஒரு பெரிய மாமரத்தின் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உண்பான். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும் ஆட்களையும் அங்கே பத்து நிமிடம் நிறுத்தாமல் விடமாட்டான்.

ரசலையன் ஸ்கூட்டரை எடுத்தார். தங்கபாய் அந்தப் பாதிக் குப்பியை ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரசலையன் குண்டும் குழியும் பார்க்காமல் விரட்டினார். மேல்புறம் தாண்டும்போது அவள் போனை வாயருகே கொண்டுபோய்க் கேட்டாள். "ரப்பர் ஆசிட் வயித்துக்குள்ள போனா என்ன ஆவும்?"

அதற்குக் கொஞ்சமும் பதற்றம் கிடையாது. இசபெல்லிடம் செருப்பு மெருகு என்று சொன்ன அதே குரலில் வாசித்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றில் கடுமையான புண் ஏற்படும். இரைப்பையில் துளை விழலாம். சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உயிரிழப்பு ஏற்படலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனடியாக மருத்துவமனைக்கு...

"அந்தச் சவத்த அணைட்டி!" என்று கத்தினார் ரசலையன். வண்டி ஒரு ஆட்டோவை உரசப் பார்த்துத் தப்பியது.

அவள் அணைத்தாள். காதுக்குள் அது தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். ரசலையன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்து. தங்கபாய் கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் கத்திய அந்த ஸ்தோத்திரம் குறுக்கே வந்து நின்றது. ஜான்ரோஸ் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அல்லவா சொன்னாள். இனி எந்த முகத்தோடு கேட்பது?

மாமரத்தடியில் வெள்ளை வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. ஸ்கூட்டர் நிற்பதற்குள் தங்கபாய் குதித்து ஓடினாள். ஜான்ரோஸ் டிரைவர் சீட்டில் ரோட்டுப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் இலை, இலையில் சோறு, சோற்றின் ஓரத்தில் சிவப்பாக இரண்டு துண்டு மீன். டேப்பை உரித்த குப்பி பக்கத்து சீட்டில் இருந்தது. அவன் தண்ணீர்க் குப்பியை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இலையோடு சோற்றைத் தட்டிவிட்டாள். சோறு ரோட்டில் சிதறியது.

"அக்கா!" என்று எழுந்தான் ஜான்ரோஸ். அவன் குரல் கம்மியிருந்தது. "நீங்க எப்பிடி இஞ்ச? ஒங்க ஊறுகாய்க்கு என்ன காரம், அக்கா! வாய் வெந்து போச்சு."

அவன் உதடு வெளுத்துத் தடித்திருந்தது.

"எவ்வளவு தின்ன? சொல்லு, எவ்வளவு தின்ன?"

"ஒரு துண்டுதான். சோத்தோட முழுங்கிட்டேன். தொண்டைல நிக்குது."

ரசலையன் வந்து அவன் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, வாய்க்குள் விரலை விடப் பார்த்தார். தங்கபாய் அவர் கையைத் தட்டிவிட்டாள். "வேண்டாம்! கக்க வைக்கப்பிடாது. வந்த வழியெல்லாம் மறுபடியும் வேகும்." போன் சொன்னதில் அது ஒன்றாவது அந்த நேரத்துக்கு உதவியது. வந்த ஆட்டோவை மறித்து ஜான்ரோஸை ஏற்றினார்கள். ஊறுகாய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டாள். ஆட்டோ ஓடும்போது, என்ன அக்கா, என்ன அக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தான் அவன். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனை உள்ளே கொண்டுபோனதும், சின்ன வயது நர்ஸ் ஒருத்தி சீட்டும் பேனாவுமாக வந்தாள். "எதைச் சாப்பிட்டாரு?"

தங்கபாய் ஊறுகாய்க் குப்பியோடு கவரிலிருந்த குப்பியையும் எடுத்து நீட்டினாள். "இதுதான் அதுல கலந்துது."

நர்ஸ் குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "வினிகரா? வினிகருக்கு இப்படி ஆகாதே" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதத் தொடங்கினாள்.

"எழுதாத, மக்களே!" தங்கபாய் போட்ட சத்தத்தில் நடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "மேல எழுதியிருக்கத வாசிக்காத. தொறந்து பாரு. உள்ள உள்ளது வேற. ரப்பருக்கு விடுற ஆசிட்."

நர்ஸ் மூடியைக் கொஞ்சம் திறந்தாள், முகத்தைச் சுளித்தாள், சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஜாஸ்பின் மூன்று மணிக்கு வந்தாள். அண்டி ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தாள், விரலெல்லாம் முந்திரிக் கறை. அவள் வருவதற்கு முன்பே ரசலையன் தங்கபாயை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார். "மீனு கெட்டுப்போயிருந்துன்னு சொல்லு. அது போதும். கேசு கீசுன்னு போனா நாம தாங்கமாட்டோம். அவனுக்கு எப்பிடியும் சொகமாயிரும்." அவர் கெட்டவர் இல்லை. பழைய குப்பியில் ஆசிட் வாங்கியது தாம்தான் என்பது அவர் நெஞ்சில் நெருஞ்சியாகக் குத்திக்கொண்டிருந்தது. பயந்தவர் பேசுகிற பேச்சு அது. கேட்டபோது அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

டாக்டர் வெளியே வர ஐந்து மணி ஆனது. குழாய் விட்டுப் பார்த்ததாகவும், தொண்டையும் உள்ளேயும் வெந்திருப்பதாகவும், ஆனால் துளை ஏதும் விழவில்லை என்றும் சொன்னார். ஒரு துண்டோடு நின்றதும் உடனே கொண்டுவந்ததும் நல்லதாகிவிட்டது. நாலைந்து நாள் இங்கே இருக்கட்டும், பிறகு கஞ்சித்தண்ணீரில் தொடங்கலாம்.

ஜாஸ்பின் அங்கேயே முழங்கால் போட்டாள். "ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று தரையைத் தொட்டாள். எழுந்து வந்து தங்கபாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் ஓடி வரல்லன்னா எனக்கு ஆரு இருக்கா? கெட்ட மீனுன்னு ஒங்களுக்கு எப்பிடியாவது தெரிஞ்சுதே. கர்த்தர்தான் ஒங்கள அனுப்பினாரு."

கெட்ட மீன் என்று ரசலையன் முந்திக்கொண்டு ஜாஸ்பினிடம் சொல்லிவிட்டிருந்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கறை படிந்த கைகளுக்குள் தன் கைகள் இருப்பதைத் தங்கபாயால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்றைக்கு இவள் சாமி. வாயைத் திறந்தால் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஜாஸ்பினே, மீனு கெடல்ல" என்றாள்.

"ஏட்டி..." என்றார் ரசலையன்.

"நீங்க சும்மா இரிங்க. பிள்ளே, அந்த ஊறுகா நான் போட்டது. வினிகருன்னு நினைச்சு ரப்பர் ஆசிட்ட ஊத்தினது நான். மூடி தொறந்து கிடந்து, என் கைக்குத் தெரிஞ்சுது. நாத்தம் அடிச்சுது, மூக்குக்கும் தெரிஞ்சுது. போன் சொல்லிச்சேன்னு ஊத்தினேன். நாக்குல வச்சுப் பாத்திருந்தா அண்ணைக்கே தெரிஞ்சிருக்கும். உபவாசம்னு பாக்கல்ல."

ஜாஸ்பின் கையை எடுக்கவில்லை. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"இன்னும் ஒண்ணு உண்டு." தங்கபாயின் குரல் உடைந்தது. "ஊறுகா எங்கிட்ட இல்ல, ஜான்ரோஸ் அண்ணன்ட்ட குடுத்துட்டேன்னு சிஜின் சொன்னான். நான் ஒடனே ஸ்தோத்திரம்னு சொன்னேன், பிள்ளே. ஒம் மாப்பிள்ள கையில இருக்குன்னு கேட்டுட்டுத்தான் சொன்னேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

ஜாஸ்பின் கையை எடுத்துக்கொண்டாள். விலகிப் போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாளா, சும்மா இருந்தாளா, இங்கிருந்து தெரியவில்லை. தங்கபாய் எழுந்து போகவும் இல்லை, பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை. போகச் சொன்னால் போவதாகவும் அடித்தால் வாங்குவதாகவும் முடிவு செய்து அதே இடத்தில் இருந்தாள். ரசலையன் டீ வாங்கி வந்து வைத்தார். இரண்டு டீயும் ஆடை படிந்து கிடந்தன.

ஆறரை மணிக்குத் தங்கபாயின் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் சிஜினின் முகம். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

ஜன்னலோரத்திலிருந்து ஜாஸ்பின் எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. முன்னால் வந்து நின்று, கவிழ்ந்து கிடந்த போனை எடுத்து நிமிர்த்தினாள்.

"எடுங்கக்கா."

தங்கபாய் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"எடுங்க. போய்ச் சேந்தானா இல்லியான்னு பெத்தவ கேக்காம பின்ன ஆரு கேப்பா?" என்று ஜாஸ்பினே விரலால் திரையைத் தள்ளி, போனை அவள் காதோரம் வைத்தாள்.

"அம்மா! எறங்கிட்டேன், அம்மா. ஜான்ரோஸ் அண்ணனுக்கு எப்பிடி இருக்கு? அம்மா, கேக்குதா?"

கேட்டது. மகன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்து அவள் கேட்டது இதைத்தான். உதடு அசைந்தது. ஐம்பத்தொரு வருடமாகக் கூப்பிடாமலே வரும் அந்த ஒரு வார்த்தை இப்போது வர மறுத்தது.

ஜாஸ்பின் போனைத் தன் பக்கம் திருப்பினாள். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல, சிஜினே" என்றாள். பிறகு தங்கபாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கும் சேர்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்தோத்திரம்."